எனக்கென்று ஒரு நான் வரும்

அன்புள்ள அத்தைக்கு,

நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதப்போகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடிதத்தின் தொடக்கத்தில் எல்லாரும் நலம் என்று எழுத வேண்டும் எனப் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் உண்மையை எழுதுவதாகச் சொல்லிவிட்டதால் அந்த நலத்தைப் பிரித்துப் பிரித்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. நான் நலம். அச்சு இயந்திரம் நலம். அம்மா நலம், ஆனால் கோபமாக இருக்கிறாள் (இது சரியான "ள்". இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்பது போகப்போகப் புரியும்). பிழை மாமா சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போகிறார். அப்பாவைப் பற்றி என்ன எழுதுவதென்று தெரியாததால் அந்த இடத்தை இப்போதைக்குக் காலியாக விடுகிறேன்.

அவசரமான செய்தி இதுதான். உங்கள் பெயருக்கு நம் அச்சகத்திலிருந்து ஒரு பார்சல் வரும். வந்தால் வாங்காதீர்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால் பிரிக்காதீர்கள். பிரித்துவிட்டீர்கள் என்றால் படிக்காதீர்கள். படித்துவிட்டீர்கள் என்றால், தயவுசெய்து, அப்பா வேண்டுமென்றே செய்தார் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கூரியர்காரர்களின் இணையப் பக்கத்தில் "ஒப்படைக்கப்பட்டது" என்று போட்டு, கீழே உங்கள் தோழியின் கையெழுத்தையும் காட்டுகிறார்கள். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "எறும்பு மையில விழுந்து தப்பிச்சு ஓடின மாதிரி இருக்கு. டாக்டர் கையெழுத்துதான், சந்தேகமே வேண்டாம். பல் டாக்டர்னாலும் டாக்டர் டாக்டர்தான்" என்றாள். அப்பா உங்களுக்குத் திரும்பத் திரும்ப போன் செய்தார். நீங்கள் எடுக்கவில்லை. அதனால் படித்தே விட்டீர்கள் என்று முடிவு செய்து, அப்பாவுக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன்.

உங்கள் நாவலை நீங்கள் எழுதுவதற்கு முன்பே எனக்குத் தெரியும் என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். அப்போது நான் சின்ன வகுப்பு. பள்ளி விட்டதும் பையோடு நேராக அச்சகத்துக்கு வந்து, காகிதம் வெட்டும் மேஜைக்கு அடியில் புகுந்துகொள்வேன். அங்கே வெட்டுத்துண்டுகள் வைக்கோல்போலக் குவிந்து கிடக்கும். நீங்கள் ஏற்கெனவே அங்கே கால் நீட்டி உட்கார்ந்திருப்பீர்கள். மேலே அப்பா கத்தியை இறக்குவார். சரக்கென்று ஒரு கட்டுக் காகித ஓரம் நம் தலைமேல் கொட்டும். "கீழ இருக்கிறது யாரு, எலியா?" என்பார். "ஆமாண்ணா, படிச்ச எலி" என்பீர்கள். நீளமான துண்டுகளைப் பின்னி எனக்குக் கிரீடம் செய்து வைத்துவிட்டு, கதையை விட்ட இடத்திலிருந்து தொடங்குவீர்கள். ஊரில் எல்லாருடைய நிழலையும் அரசன் பிடுங்கி, ஒரு கோபுரத்துக்குள் போட்டுப் பூட்டிவிட்டான். உலகத்தில் எந்தப் பூட்டையும் திறக்கத் தெரிந்த பூட்டுக்காரி அந்த நிழல்களை மீட்கப் புறப்படுகிறாள். ஆகாயத்தில் ஓடுகிற ஆற்றைத் தாண்டித்தான் கோபுரத்துக்குப் போக முடியும். அந்த ஆற்றில் படகு விடுகிறவள் படகுக்காரி. நம் இயந்திரம் டடக்-டக், டடக்-டக் என்று ஓடும். அதுதான் அவள் துடுப்புப் போடும் சத்தம் என்பீர்கள். கரண்ட் போனால் இயந்திரம் நிற்கும், படகும் நடு ஆற்றில் நின்றுவிடும். "அப்புறம் அத்தை?" என்று உலுக்குவேன். "அப்புறம் என்ன அப்புறம்? கரண்ட் வந்தாத்தான் படகு நகரும்" என்பீர்கள். அதுவரை பூட்டுக்காரி படகின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "எனக்கென்று ஒரு நாள் வரும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருப்பாள். நானும் உங்களோடு சேர்ந்து இருட்டில் அதைச் சொல்வேன். அந்த ஒரு வரிக்காகவே கரண்ட் போகாதா என்று ஏங்கியிருக்கிறேன். இப்போதும் யாராவது புதுப் புத்தகத்தைப் பிரித்தால், அந்தப் பசை வாசனையில் என் தலைமேல் கிரீடம் கனக்கிற மாதிரி இருக்கும்.

ஒருமுறை உங்களிடம் கேட்டேன், "பூட்டுக்காரிக்கு ஏன் அத்தை படகுக்காரிய மட்டும் அவ்வளவு பிடிக்கும்?" என்று. நீங்கள் கொஞ்ச நேரம் காகிதத் துண்டைச் சுருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "பாக்கிறவங்க எல்லாரும் அவகிட்ட 'இதைத் திற, அதைத் திற'ன்னாங்க. இவ ஒருத்திதான் எதையும் திறக்கச் சொல்லல. பக்கத்துல உக்காருன்னா" என்றீர்கள். எனக்கு அது போதுமான காரணமாக இருந்தது. இப்போதும் போதுமானதாகத்தான் இருக்கிறது.

நீங்கள் போன அன்றும் நான் மேஜைக்கு அடியில்தான் இருந்தேன். உங்கள் கால்களும் அப்பாவின் கால்களும் மட்டும் எனக்குத் தெரிந்தன. நீங்கள் தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னீர்கள். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை. அப்பா சத்தமாகத்தான் பேசினார். "எனக்கு இது புரியலம்மா. வேற மாதிரி மாத்திச் சொல்லு" என்றார். "மாத்திச் சொல்றதுக்கு இதுல ஒண்ணும் இல்லண்ணா" என்றீர்கள். உங்கள் செருப்பில் ஒரு வெட்டுத்துண்டு ஒட்டிக்கொண்டு வாசல்வரை நீளமாக இழுபட்டுக்கொண்டே போனது. அன்று கரண்ட் போகவே இல்லை. ஆனாலும் படகு நின்றுவிட்டது.

பிறகு நீங்கள் அனுப்பிய படங்களை எல்லாம் நான் கவனமாகப் பார்த்து வந்திருக்கிறேன். முதலில் படத்தின் ஓரத்தில் உங்களுக்குக் குடை பிடிக்கும் கை மட்டும் இருந்தது. அடுத்த வருடம் தோள் வந்தது. அதற்கடுத்து உங்கள் தோழி முழுதாக வந்தார், மடியில் பூனையோடு. அப்பா அவரை "ரூம்மேட்" என்றுதான் சொல்வார். நீங்கள் சேர்ந்து வீடு வாங்கிய பிறகும் ஒருநாள், "தங்கச்சியோட ரூம்மேட்டுக்கு உடம்பு சரியில்லையாம்" என்று ஆரம்பித்தார். அம்மாவுக்கு வந்ததே கோபம்! "சேந்து வீடு வாங்கி, சேந்து பூனை வளத்து, அவளுக்குக் காய்ச்சல்னா இவ ராத்திரி பகலா முழிச்சு... இன்னுமா ரூம்மேட்டு? அப்ப நான் உங்களுக்கு யாரு? நானும் ரூம்மேட்டா?" என்றாள். அப்பா உடனே எழுந்து இயந்திரத்துக்கு எண்ணெய் விடப் போய்விட்டார். உங்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அப்படித்தான். இந்த வட்டாரத்திலேயே நன்றாக எண்ணெய் விடப்பட்ட இயந்திரம் நம்முடையதாக இருப்பதற்கு நீங்கள்தான் காரணம்.

அப்படிப்பட்ட அப்பாவிடம் நீங்கள் போனில், "அண்ணா, நாவல் முடிஞ்சிருச்சு. நம்ம அச்சகத்துலதான் அடிக்கணும். ஆனா ஒரு எழுத்துகூட மாத்தக் கூடாது" என்று சொன்னபோது அவர் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றுவிட்டார். "உன் எழுத்துல நான் கை வைப்பேனா? இருக்கிறது இருக்கிறபடியே வரும்" என்றார். வெளியீட்டு நாளுக்கு இரண்டு பேருமாக வருகிறோம் என்றீர்களாம். போனை வைத்ததும் அப்பா வாசல் கதவுக்குப் பெயின்ட் அடிக்க ஆளைக் கூப்பிட்டார். அம்மா கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கதவு அது.

பிழை மாமாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளியில் உங்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ஓய்வு பெற்றதும் நம் அச்சகத்துக்குப் பிழை பார்க்க வந்தார், வேலையே பெயராகிவிட்டது. இரங்கல் அட்டை அடிக்க வருகிறவர்களிடம்கூட, அவர்கள் அழுது முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டதும் சந்திப்பிழையைச் சுட்டிக்காட்டுவார். உங்கள் நாவலை அவர் பென்சிலைக் கையில் எடுக்காமலே படித்துக்கொண்டு போனார். "ஒத்தைப் பிழை இல்லம்மா! என் மாணவி!" என்று போவோர் வருவோரிடம் எல்லாம் சொன்னார். ஒன்பதாம் அத்தியாயம் வந்தது. பூட்டுக்காரியும் படகுக்காரியும் ஆகாய ஆற்றின் நடுவில் இருக்கிறார்கள். "அவள் அவளைப் பார்த்தாள். நான் உன்னைக் காதலிக்கிறேன் என்றாள்." பிழை மாமா பென்சிலை எடுத்துவிட்டார்.

அவர் நேராக அப்பாவிடம்தான் போனார் என்பதை உண்மையின் பொருட்டுச் சொல்ல வேண்டும். அப்பா அப்போது இயந்திரத்துக்கு அடியில் படுத்திருந்தார். "ஒரு இடத்துல னகரம் விழ வேண்டிய இடத்துல ளகரம் விழுந்திருக்கு. விசைப்பலகைல ரெண்டுக்கும் நடுவுல ஒத்த விசைதான். பாவம், விரல் தடுக்கியிருக்கு. திருத்திடவா?" என்றார் பிழை மாமா. "பிழைன்னா திருத்துங்க சார், இதுக்கெல்லாமா என்னைக் கேப்பீங்க? அந்த ஸ்பேனரை இப்படித் தள்ளுங்க" என்றது அப்பாவின் கால். கம்ப்யூட்டர் அக்கா அன்று லீவு. ஆகவே பிழை மாமாவே முதல்முறையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "அவள்" என்பதை மட்டும் "அவன்" என்று மாற்றினால் "அவன் பார்த்தாள்" என்றாகிவிடும். எழுவாய் ஒரு பக்கம் போக, பயனிலை ஒரு பக்கம் போகும். உங்கள் பெயரில் அப்படி ஒரு இலக்கணப் பிழை வெளிவருவதை அவரால் பொறுக்க முடியாது. அதனால், சொல்லின் கடைசியில் "ள்" வந்தால் "ன்" ஆக்கு என்று போட்டார். கம்ப்யூட்டர், "எல்லாவற்றையும் மாற்றவா?" என்று கேட்டது. "கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம இருக்கிறது மரியாதை இல்லையேம்மா" என்று பிறகு என்னிடம் சொன்னார். ஆம் என்று அழுத்தினார். "அவள்" மாறியது, "பார்த்தாள்" மாறியது. "அவளை" மட்டும் கடைசியில் "ள்" இல்லாததால் தப்பித்துக்கொண்டது. "அவன் அவளைப் பார்த்தான்" என்று அந்த வாக்கியம் அவ்வளவு லட்சணமாக இருந்ததாம். திருப்தியோடு எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார். அந்த வாக்கியத்துக்கு வெளியே முழு நாவலிலும் என்ன நடந்தது என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நம் அச்சகத்தில் அச்சடிப்பதை யாரும் படிப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். மை சமமாகப் பிடித்திருக்கிறதா, ஓரம் நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். மை சமமாகத்தான் பிடித்திருந்தது. ஓரம் நேராகத்தான் இருந்தது. பைண்டிங் அண்ணா முதல் பிரதியைச் சூடு ஆறாமல் உங்களுக்குக் கூரியரில் அனுப்பிவிட்டு, இரண்டாவதை என்னிடம் தந்தார். நான் அதை எடுத்துக்கொண்டு நம் மேஜைக்கு அடியில் போனேன். இப்போது முழங்காலை மடக்கித்தான் அங்கே உட்கார முடிகிறது. முதல் பக்கத்தைத் திறந்தேன். "இந்தக் கதையை முதலில் கேட்டவள், என் அண்ணன் மகள்" என்று நீங்கள் எழுதியிருந்த இடத்தில், "இந்தக் கதையை முதலில் கேட்டவன், என் அண்ணன் மகன்" என்று இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு அப்பா பக்கம் திரும்பி, "உங்களுக்கு மகனா? எனக்குத் தெரியாம அது எங்கங்க வளருது?" என்றாள். அப்பா, "எது வளருது?" என்று இயந்திரத்தைப் பார்த்தார்.

உள்ளே போகப் போக நிலைமை மோசமாகிக்கொண்டே வந்தது. "பூட்டுக்காரி சிரித்தான்." சரி. "அவள் கையில் வாள் மின்னியது" என்பதில் வாள் போய் வான் வந்து, "அவன் கையில் வான் மின்னியது" என்று இருக்கிறது. அது பரவாயில்லை, ஆகாய ஆற்றில் போகிற கதைதானே என்று யாரும் நம்பிவிடுவார்கள். ஆனால் பாலைவனத்தில் பூட்டுக்காரியின் காலில் தேள் கொட்டுகிற இடம் ஞாபகம் இருக்கிறதா? "காலில் தேன் கொட்டியது. வலி தாங்காமல் அலறினான்." தேன் கொட்டினால் எதற்கு அலற வேண்டும்? படகுக்காரி அந்தக் காலில் வாய் வைத்து விஷத்தை உறிஞ்சித் துப்பும்போது, இவ்வளவு நல்ல தேனைத் துப்புகிறாளே என்றுதான் தோன்றுகிறது. கோபுரத்தில் நிழல்கன். வானத்தில் பறவைகன். அரசனின் வயதான தாய் மீசையில்லாமல் "வந்தான், அமர்ந்தான், அழுதான்". கடைசியில் படகு நிற்கிற இடத்துக்கு வந்தேன். பூட்டுக்காரி படகின் நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். நான் வாய்க்குள் அந்த வரியைச் சொல்லிக்கொண்டே பக்கத்தைத் திருப்பினேன். "எனக்கென்று ஒரு நான் வரும்" என்று இருந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பிழை மாமாவிடம் ஒன்பதாம் அத்தியாயத்தைக் காட்டி, "இதை ஏன் மாத்தினீங்க?" என்றேன். "பிழைம்மா. ஒரே வாக்கியத்துல ரெண்டு அவள். ஒண்ணு அவனாத்தானே இருக்கணும்?" என்றார். "இல்ல மாமா. ரெண்டும் அவள்தான். அத்தை எனக்குக் கதை சொன்னப்பவே அவள்தான். நான் கேட்டிருக்கேன்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. பைண்டிங் அண்ணா பசைத் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். அப்பா துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். துடைக்க ஒன்றும் இல்லாத பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். பிழை மாமா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, உதடு அசைய, அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "எழுவாய் பெண்பால், பயனிலை பெண்பால். பொருந்துது. எழுவாய்க்கும் பயனிலைக்கும்தான் பால் பொருந்தணும். செயப்படுபொருள் எந்தப் பாலா இருக்கணும்னு நான் படிச்ச எந்த இலக்கணத்துலயும் விதி கிடையாது" என்றார். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "பிழை வாக்கியத்துல இல்ல. என்கிட்டதான்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்துதான் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதில்லை. புத்தகத்தோடு ஒரு பிழைதிருத்தம் தனியாக வைத்துவிடலாம் என்று யோசனை சொன்னார். தயாரிக்கவும் தொடங்கினார். மூன்றாம் அத்தியாயம் முடிவதற்குள் அது நாவலைவிடத் தடிமனாகிவிட்டது.

இனி அப்பாவைப் பற்றி. அப்பா உங்கள் பழைய கோப்பைக் கம்ப்யூட்டர் அக்காவிடம் கேட்டு வாங்கி, முழுவதையும் தாளில் எடுத்துக்கொண்டு, வேலைக்கு நடுவில் படித்துக்கொண்டிருக்கிறார். ரசீதுப் புத்தகம் தவிர எதையும் முழுதாகப் படிக்காத அப்பா. நேற்று என்னைக் கூப்பிட்டு, "இந்தப் படகுக்காரி கடைசில வராளா?" என்றார். "படிங்கப்பா" என்றேன். "வராளா இல்லையான்னு மட்டும் சொல்லேன்." "படிச்சாத் தெரியும்." "உங்க அத்தை மாதிரியே இருக்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். "பூட்டுக்காரிக்கு அண்ணன் யாரும் இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். பிறகு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கதையின் முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டு, இல்லாத அண்ணனைப் பற்றிக் கேட்கிறார். அம்மாவிடம் சொன்னேன். "உங்க அப்பாவுக்கு எதுவும் அச்சுல வந்தாத்தான் புரியும். பொறு" என்றாள். ஆனால் உண்மையை எழுதுவதாகச் சொல்லியிருப்பதால் எழுதுகிறேன்: அப்பாவுக்கு இன்னும் புரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஆனாலும் அத்தை, அவர் மாற்றவில்லை. அதை மட்டும் நம்புங்கள். வெளியீட்டைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும். தள்ளிப்போனாலும் வருவதை நிறுத்திவிடாதீர்கள். கதவுக்குப் பெயின்ட் காய்ந்துவிட்டது. உங்கள் தோழியையும் அழைத்து வாருங்கள். அவரை நான் என்னவென்று கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அக்கா என்றால் நீங்கள் அத்தையாக இருப்பதால் முறை இடிக்கிறது. ஆன்ட்டி என்றால் பக்கத்துக் கடைக்காரர் மனைவி மாதிரி ஆகிவிடுகிறது. டாக்டர் என்றால் வாயைத் திறக்கச் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. நீங்களே ஒன்று சொல்லுங்கள்.

அம்மா தன் அன்பை அனுப்புகிறாள், கோபத்தை இங்கேயே வைத்துக்கொள்கிறாளாம். பிழை மாமா, தலை நிமிராமல், "பொறுத்தருளச் சொல், ஒற்று விடுபடாமல் எழுது" என்றார். பெரியவர்களான உங்கள் இருவரின் ஆசியும் எனக்கு வேண்டும், முக்கியமாகக் கணக்குத் தேர்வுக்கு. உங்கள் தோழிக்கும் பூனைக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
முதலில் கேட்டவள்,
உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: மேலே எழுதியதில் பாதியை இப்போது நம்ப வேண்டாம். அம்மா கூப்பிட்டாள் என்று கடிதத்தைப் பிழை பார்க்கும் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனேன். அந்த மேஜையில் எந்தக் காகிதம் கிடந்தாலும் அது திருத்த வேண்டிய புரூஃப் என்பதுதான் இந்த அச்சகத்தின் சட்டம் என்பதை மறந்துவிட்டேன். திரும்பி வரும்போதே ஏதோ வித்தியாசமாக இருந்தது. இயந்திரம் நின்றிருந்தது. கரண்ட் இருந்தது, இயந்திரம்தான் நின்றிருந்தது. அப்பா அதை நிறுத்திவிட்டு, சிவப்புப் பேனாவோடு என் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஃபேர் காப்பி எடுக்காத. திருத்தத்தோட அப்படியே அனுப்பு" என்கிறார். அதனால்தான் உங்களுக்கு இப்படிச் சிவப்புச் சிவப்பாக வருகிறது. "உங்கள் தோழி" என்று நான் எழுதிய இடங்களை எல்லாம் அடித்துவிட்டு, ஓரத்தில் "அத்தை" என்று எழுதியிருக்கிறார், ஒவ்வொன்றுக்கும். கடைசி இடத்தில் மட்டும், "சின்ன அத்தையா, பெரிய அத்தையா? இருவரில் யார் மூத்தவர் என்று கேட்டுப் போடவும்" என்று ஒரு குறிப்பு இருக்கிறது. நீங்கள் போன அன்றைப் பற்றிய பத்தியில், "இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால்" என்ற சொற்களுக்குக் கீழே கோடு போட்டு, "நிறுத்தியிருக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். அவருக்குப் புரியவில்லை என்ற வரியை அடித்துவிட்டார். "எனக்கென்று ஒரு நான் வரும்" என்பதன் கீழே வரிசையாகப் புள்ளி வைத்திருக்கிறார். புள்ளி வைத்தால் இருப்பது இருக்கட்டும் என்று பொருள், இந்த வீட்டில் பிறந்த உங்களுக்குத் தெரியாததா? பக்கத்தில், "மற்றதெல்லாம் அவள் எழுதியபடியே மறுபடி அடிக்கிறோம். இந்த ஒரு பிழையை மட்டும் வைத்துக்கொள்ளலாமா, ஆசிரியரைக் கேட்கவும்" என்று இருக்கிறது. கடிதத்தின் அடியில், என் கையெழுத்துக்கும் கீழே, "திருத்தியபடி அச்சிடலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நம் அச்சகத்தில் அதற்கு மேல் ஒரு அனுமதி கிடையாது.

போனை எடுங்கள் அத்தை. அல்லது சின்ன அத்தையாவது எடுக்கட்டும். (பெரிய அத்தையாக இருந்தால் மன்னிக்கவும்.)

கூரியர் கடை மூடுவதற்குள் போக வேண்டும் என்று அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று அவசரப்படுத்துகிறார். இந்தக் கடைசி வரியில் எங்காவது "ள்" போய் "ன்" வந்திருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை, விளக்கை அணைத்துவிட்டார்.